24 அடிப் படகு, இரட்டை அச்சு டிரெய்லர்: எந்த ஹிட்ச் பொருந்தும்?

கேட்டிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் வசிக்கிறேன். பல ஆண்டுகளாக வாடகைப் படகில் மீன்பிடிக்கச் சென்றுகொண்டிருந்த நான், சென்ற மாதம் துணிந்து 24 அடி நீளமுள்ள பழைய ஃபைபர்கிளாஸ் படகு ஒன்றை, அதன் இரட்டை அச்சு அலுமினிய டிரெய்லரோடு சேர்த்து வாங்கிவிட்டேன். பின்புறத்தில் 300 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் உள்ளது. விற்றவரே தம் வண்டியில் இழுத்து வந்து என் வீட்டு வாசலில் விட்டுச் சென்றார். இனி நான்தான் இழுத்தாக வேண்டும் என்ற நிலையில், வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் ஹிட்ச் பற்றிய குழப்பம் தொடங்கிவிட்டது.

என்னிடம் இருப்பது அரை டன் வகைப் பிக்கப் (அது வண்டி வகையின் பெயர்தான், இழுக்கும் எடை அல்ல). வண்டியின் பின்னடியில் இணைப்புத் தண்டைச் செருகுவதற்கான, 2 அங்குலச் சதுரத் துளை கொண்ட ரிசீவர் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. வண்டியின் இழுவைத் திறன் 9,000 பவுண்டுக்கு மேல் என்று விற்பனையகத்தில் சொன்னார்கள். படகின் விவரத்தாளில் எடை 3,900 பவுண்டு என்றுதான் இருக்கிறது. எனவே கவலைப்பட ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் ரிசீவரில் ஒட்டியிருக்கும் தாளைக் குனிந்து படித்தபோது அதில் இரண்டு வரிசை எண்கள் இருப்பதைக் கண்டேன். எடை தாங்கும் முறைக்கு டிரெய்லரின் மொத்த எடை 5,000 பவுண்டும், அது வண்டிமீது அமுக்கும் எடை 500 பவுண்டும், எடை பகிரும் முறைக்கு அதே வரிசையில் 10,000 பவுண்டும் 1,000 பவுண்டும் குறிக்கப்பட்டுள்ளன. உதிரிபாகக் கடைக்காரரோ, 10,000 பவுண்டு என்று முத்திரையிட்ட டிராபார் (ரிசீவருக்குள் செருகும் இணைப்புத் தண்டு) ஒன்றை வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்கிறார்.

கால்வெஸ்டன் வளைகுடா வரை, ஒரு வழிக்கு ஏறத்தாழ 80 மைல், மாதம் இரண்டு முறை இழுக்க எண்ணியிருக்கிறேன். கடைக்காரர் சொல்வது சரிதானா? பாரத்தின் ஒரு பகுதியை வண்டியின் முன் அச்சுக்கும் பகிர்ந்து தரும் எடை பகிரும் ஹிட்ச் எனக்குத் தேவைதானா? டிராபாரின் முனையில் மாட்டும் பந்து 2 அங்குலமாக இருக்க வேண்டுமா, 2 5/16 அங்குலமாக இருக்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய பட்டறை எழுதியது:

வாழ்த்துகள், தம்பி. அந்தத் தாளைக் குனிந்து படித்தீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. பலர் பத்து வருடம் இழுத்த பிறகும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் எடையைச் சரிசெய்துகொள்வோம். விவரத்தாளில் உள்ள 3,900 பவுண்டு என்பது பெரும்பாலும் வெறும் கூட்டின் எடை. அதன்மேல் எஞ்சினுக்கு 550 பவுண்டு வரை கூட்டுங்கள். பெட்ரோல் ஒரு காலன் ஏறத்தாழ 6 பவுண்டுக்குச் சற்று அதிகமாகவே எடையிருக்கும். 120 காலன் தொட்டி என்றால் அது நிரம்பியிருக்கும்போது 700 பவுண்டைத் தாண்டிவிடும். உங்கள் அளவிலான இரட்டை அச்சு அலுமினிய டிரெய்லர் தானே 1,300 பவுண்டுக்குக் குறையாது. பேட்டரிகள், நங்கூரம், பனிக்கட்டிப் பெட்டி, தூண்டில் சாமான்கள் என்று இன்னும் 300, 400 சேரும். ஆக, 3,900 என்று நீங்கள் நினைத்திருக்கும் பொருள் சாலையில் ஏறும்போது 6,800 பவுண்டு அளவில் நிற்கும். டெக்சாஸ் சட்டப்படி மொத்த எடை 4,500 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்பதால் உங்களுடையதில் இருந்தே ஆக வேண்டும். அது வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, முன்பாரம். ஊரில் மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூட்டைகளை முன்னால் அதிகம் அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்னால் அதிகம் அடுக்கினால் ஏர்க்கால் மேலே தூக்கிக்கொண்டு மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். என் தாத்தா வண்டியில் ஏறி உட்காருமுன் ஏர்க்காலை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். டிரெய்லர் விஷயத்திலும் கணக்கு அதுதான். பந்தைக் கவ்வும் டிரெய்லரின் மூக்கான கப்ளர் உங்கள் வண்டியின்மீது செங்குத்தாக அமுக்கும் எடையே முன்பாரம். சாதாரண டிரெய்லர்களுக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பார்கள். எஞ்சின் பின்னால் தொங்கும் படகு டிரெய்லர்களுக்கு 5 முதல் 10 சதவீதத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். 5 சதவீதத்தை ஒட்டிய முன்பாரம் காகிதத்தில் சரியாகத் தோன்றினாலும், நெடுஞ்சாலையில் பெரிய லாரி ஒன்று கடந்து போகும்போது டிரெய்லரை வாலாட்ட வைத்துவிடும் என்பதால், 8 சதவீதத்துக்குக் கீழே போகவிடக் கூடாது என்பது என் கருத்து.

இப்போது உங்கள் தாளில் உள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். 6,800 பவுண்டில் 8 சதவீதம் என்றால் 540 பவுண்டுக்கு மேல். எடை தாங்கும் முறையில், அதாவது டிராபாரை நேராகச் செருகி டிரெய்லரை மாட்டும் வழக்கமான முறையில், உங்கள் ரிசீவருக்கு அனுமதி 5,000 பவுண்டும் 500 பவுண்டும்தான். இரண்டு வரம்பையும் நீங்கள் மீறுகிறீர்கள். 10,000 பவுண்டு டிராபாரைச் செருகுவதால் ரிசீவரின் பலம் கூடிவிடாது. வண்டி, ரிசீவர், டிராபார், பந்து, கப்ளர் என்று வரிசையாக நிற்கும் ஐந்து எண்களில் எது மிகச் சிறியதோ அதுவே உங்கள் எல்லை. கடைக்காரரிடம் இருப்பது டிராபார், ஆகவே அவர் டிராபாரைப் பற்றிப் பேசுகிறார்; அவரைக் குறை சொல்வதற்கில்லை.

வகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் வகை ஹிட்ச் 2,000 பவுண்டு, இரண்டாம் வகை 3,500 பவுண்டு. இவற்றுக்கு 1¼ அங்குலத் துளை. மூன்றாம், நான்காம் வகைகளுக்குப் பெரும்பாலும் 2 அங்குலத் துளை. ஐந்தாம் வகையில் 2½ அங்குலம் வரும். உங்கள் நிலையில் இந்த அட்டவணையால் பெரிய பயன் இல்லை. ஒரே 2 அங்குலத் துளை ஒரு வண்டியில் 5,000 பவுண்டும் இன்னொன்றில் 12,000 பவுண்டும் தாங்கும் என்பதால், துளையின் அளவை வைத்துத் திறனை ஊகிக்காதீர்கள்.

விளம்பரத்தில் வரும் 9,000 பவுண்டு பொய்யல்ல. எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற சோதனை நெறிப்படி, அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தில் வெயிலில் இழுத்துப் பார்த்து எஞ்சினின் திறனையும் வெப்பத்தையும் கணிக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் 150 பவுண்டு எடையுள்ள ஓட்டுநரும் அதே எடையுள்ள ஒரு துணைவரும் மட்டுமே. நம் வீட்டுக் கூட்டத்தையும் சாப்பாட்டு மூட்டையையும் அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஆட்களும் சரக்கும் இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று ஒரு தாள் இருக்கும். முன்பாரமும் அந்த எண்ணுக்குள்தான் அடங்க வேண்டும்.

எதையும் வாங்குமுன், படகில் பெட்ரோலை நிரப்பி, சாமான்களை ஏற்றி, லாரிகள் நிற்கும் எரிபொருள் நிலையத்தில் உள்ள எடைமேடையில் ஒருமுறை டிரெய்லரோடும், பிறகு டிரெய்லரைக் கழற்றிவிட்டும் எடை போட்டு வாருங்கள். மேற்கொண்டு அப்போது பேசலாம்.

எண்ணெய்வயல் எழுதியது:

மிட்லாண்டில் எண்ணெய்க் கிணற்றுத் தளவாடங்களை இழுக்கும் தொழிலில் இருக்கிறேன். நாங்கள் பந்தையே பயன்படுத்துவதில்லை. கொக்கியும் வளையமும் சேர்ந்த பின்டில் ஹிட்ச்தான். கரடுமுரடான பாதையில் எவ்வளவு சாய்ந்தாலும் கழன்றுவிடாது. கேட்டிவாசி அதையும் யோசிக்கலாமே?

பழைய பட்டறை எழுதியது:

நண்பரே, உங்கள் தொழிலுக்கு அது பொருத்தமானது. ஆனால் பின்டிலில் வளையத்துக்கும் கொக்கிக்கும் இடையே இடைவெளி இருப்பதால் ஒவ்வொரு வேகத்தடையிலும் இடிக்கும். படகு டிரெய்லர்களில் பெரும்பாலும் இருப்பது, கப்ளர் உள்நோக்கித் தள்ளப்படும்போது இயங்கும் சர்ஜ் பிரேக். முன்னும் பின்னும் ஆட்டம் உள்ள இணைப்பில் அந்த பிரேக் திடுக்கிட்டுத் திடுக்கிட்டுப் பிடிக்கும். அதற்குமேல், ரிசீவரின் வரம்பு பின்டிலை மாட்டினாலும் அதே 5,000 பவுண்டுதான்.

வளைகுடாத் தூண்டில் எழுதியது:

எடைக் கணக்கைப் பட்டறை அண்ணன் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் பதினைந்து ஆண்டுகளாக உப்புநீரில் படகு இறக்குபவன் என்ற முறையில் மற்றவற்றைச் சொல்கிறேன்.

பந்தைப் பற்றி முதலில். ஆங்கிலச் சொல்லைத் தமிழில் அப்படியே எழுதினால் காலைக் காப்பிக்கு ஊற்றுவதாகிவிடுகிறது என்பதால் நானும் பந்து என்றே எழுதுகிறேன். அதன் அளவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. கப்ளரின் மேற்புறத்தில் எந்த அளவு முத்திரையிடப்பட்டுள்ளதோ அதையே மாட்ட வேண்டும். 2 5/16 அங்குலக் கப்ளரில் 2 அங்குலப் பந்தை வைத்தாலும் தாழ்ப்பாள் விழுந்துவிடும், பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும், ஒரு பாலத்து மேட்டில் கப்ளர் துள்ளும்போதுதான் அது பொருந்தவே இல்லை என்பது தெரியும். மாட்டியபின் ஜாக்கியால் டிரெய்லரின் மூக்கைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். வண்டியின் பின்புறமும் சேர்ந்து எழும்பினால் பிடி சரியாக இருக்கிறது என்று பொருள். பந்தின் மேல் அதன் திறனும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரே 2 அங்குலப் பந்து, அதன் தண்டு தடிமனைப் பொறுத்து, 3,500 பவுண்டாகவும் இருக்கலாம், 8,000 பவுண்டாகவும் இருக்கலாம். 1 அங்குலத் தண்டு என்றால் திருகை 250 அடி-பவுண்டு அளவில் இறுக்க வேண்டும். கைச்சாவியால் மூச்சுப் பிடித்து இறுக்குவது அந்த அளவுக்கு வராது.

அடுத்தது உயரம். இரட்டை அச்சு டிரெய்லர் தரைக்கு இணையாக நிற்க வேண்டும். மூக்கு தூக்கியிருந்தால் பின் அச்சு அதிகப் பாரத்தைச் சுமக்கும், தாழ்ந்திருந்தால் முன் அச்சு சுமக்கும். டயர் ஒன்று வெடிக்கும்போது காரணம் புரியாமல் டயரைத் திட்டிக்கொண்டிருப்போம். சமதரையில் டிரெய்லரை மட்டமாக நிறுத்தி, தரையிலிருந்து கப்ளரின் அடிப்பகுதி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு தரையிலிருந்து ரிசீவர் துளையின் உட்புற மேல்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். முன்னது 18 அங்குலம், பின்னது 22 அங்குலம் என்றால் 4 அங்குலம் கீழே வளைந்த டிராபார் வேண்டும். பாரம் ஏறும்போது வண்டி கொஞ்சம் உட்காரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

படகு இறக்கும் சரிவில் பின்னோக்கிச் செல்லும்போது இன்னொரு தொல்லை வரும். பின்னோக்கித் தள்ளினால் கப்ளர் உள்ளே அமுங்கும். பிரேக் பிடிக்கச் சொல்கிறார்கள் என்று சர்ஜ் பிரேக் தவறாகப் புரிந்துகொண்டு சக்கரங்களைப் பூட்டிவிடும். இதைத் தடுக்கவே ஐந்து மின்கம்பிகள் கொண்ட விளக்கு இணைப்பு இருக்கிறது. ஐந்தாவது கம்பி உங்கள் வண்டியின் பின்செல்லும் விளக்கிலிருந்து மின்சாரம் வாங்கி பிரேக் எண்ணெயின் வழியை அடைத்துவிடும். உங்கள் பிக்கப்பில் ஏழு முனை வட்ட இணைப்பு இருக்கும். அதிலிருந்து ஐந்து முனைக்கு மாற்றும் சிறு துண்டை வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு முனைத் துண்டை வாங்கிவிட்டால் விளக்குகள் எல்லாம் எரியும், ஆனால் வீட்டு வாசலில் பின்னோக்கி ஏற்றும்போது வண்டி நகர மறுக்கும்.

உப்பைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதலாம். சுருக்கமாகச் சொன்னால், டிராபாரை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் வெளியே இழுத்து நன்னீரால் கழுவுங்கள். ஒரு கோடை முழுவதும் ரிசீவருக்குள்ளேயே விட்டுவைத்து, பிறகு பெரிய சுத்தியலோடு இரண்டு நாள் போராடியவன் சொல்கிறேன்.

கேட்டிவாசி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. பட்டறை ஐயா சொன்னபடி தொட்டியை நிரப்பி எடை போட்டுவிட்டேன். டிரெய்லரோடு நின்றபோது பிக்கப்பின் முன் அச்சு 3,080, பின் அச்சு 3,240, டிரெய்லரின் அச்சுகள் 6,440, மொத்தம் 12,760 பவுண்டு. டிரெய்லரைக் கழற்றிய பின் முன் அச்சு 3,220, பின் அச்சு 2,680, ஆக 5,900 பவுண்டு. கப்ளரில் 2 5/16 என்ற முத்திரை இருக்கிறது. பிரேக் சர்ஜ் வகைதான். எடைமேடைக்குப் போய் வந்த சிறு தூரத்திலேயே, 60 மைல் வேகத்தில் பின்புறம் இலேசாக அசைவதை உணர்ந்தேன். இந்த எண்களை எப்படிப் படிப்பது?

பழைய பட்டறை எழுதியது:

மொத்தத்திலிருந்து பிக்கப்பைக் கழித்தால் டிரெய்லரும் படகும் 6,860 பவுண்டு. அதில் டிரெய்லர் அச்சுகள் 6,440-ஐச் சுமக்கின்றன. எஞ்சிய 420 பவுண்டு உங்கள் முன்பாரம். 6 சதவீதத்தை ஒட்டி வருகிறது. நீங்கள் உணர்ந்த அசைவுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கப்ளர் அமுக்கியது 420 பவுண்டுதான், ஆனால் பின் அச்சில் 560 பவுண்டு கூடியிருக்கிறது, முன் அச்சில் 140 பவுண்டு குறைந்திருக்கிறது. பந்து பின் அச்சுக்கு வெகு பின்னால் இருப்பதால், பின் சக்கரங்களை ஊன்றுகோலாகக் கொண்டு வண்டியின் மூக்கு தூக்கப்படுகிறது. திசைதிருப்புவதும் பிரேக்கின் பெரும்பகுதியும் முன் சக்கரங்களின் வேலை என்பதால் இது சிறிய விஷயமல்ல. எடை பகிரும் ஹிட்சின் வளைகம்பிகள் செய்வதெல்லாம், இப்படி முன் அச்சு இழந்த எடையில் ஒரு பகுதியை அதற்கே திருப்பித் தருவதுதான். உங்கள் தாளில் இரண்டாவது வரிசை எண்கள் இரட்டிப்பாக இருப்பதன் காரணமும் அதுவே.

முன்பாரத்தைக் கூட்டுவது எளிது. படகை இழுத்துக் கட்டும் வின்ச் பொருத்திய கம்பத்தை முன்னால் நகர்த்திப் படகை முன்னேற்றலாம். உங்கள் படகு மட்டும் ஏறத்தாழ 5,560 பவுண்டு. கப்ளரிலிருந்து அச்சுகளின் நடுப்புள்ளி 220 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், ஓர் அங்குலம் நகர்த்தும்போது 25 பவுண்டு கூடும். 5 அங்குலம் நகர்த்தினால் 545 பவுண்டுக்கு, அதாவது 8 சதவீதத்துக்கு வந்துவிடுவீர்கள். படகின் பின்சுவர் மரத்தாங்கிகளின் முடிவுக்குள் அமைந்திருக்கிறதா என்றும் அப்போது பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் நகர்த்துவதால் உங்களுக்கு அதில் ஆபத்தில்லை. பின்னால் நகர்த்துபவர்கள்தான் எஞ்சின் பாரம் அந்தரத்தில் தொங்க, கூட்டின் அடிப்பகுதியை வளைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் சரியான முன்பாரத்துக்கு வந்த அந்தக் கணமே ரிசீவரின் 500 பவுண்டு வரம்பைத் தாண்டுகிறீர்கள். 6,860 என்ற மொத்த எடை ஏற்கெனவே 5,000-ஐத் தாண்டித்தான் நிற்கிறது. ஆகவே இரண்டே வழிகள். ஒன்று, எடை பகிரும் ஹிட்ச். அதில் உங்களுக்கு இரண்டு இடர்கள் உண்டு. சர்ஜ் கப்ளர் உள்ளே அமுங்கி வெளியே வர வேண்டும்; வளைகம்பிகள் அந்த அசைவைத் தடுத்தால் பிரேக் பிடிக்காது. சர்ஜ் பிரேக்கோடு ஒத்துப்போகும் என்று தயாரிப்பாளரே எழுதித் தரும் மாதிரிகள் சில உள்ளன; அப்படி எழுதப்படாத எதையும் வாங்க வேண்டாம். மற்றது, கம்பிகளின் பிடிகளை டிரெய்லரின் முன்சட்டத்தில் இறுக்க வேண்டும். அலுமினியச் சட்டம் அந்த முறுக்கத்தைத் தாங்குமா என்பதை டிரெய்லர் தயாரித்தவர்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது வழி, எடை தாங்கும் முறையிலேயே இதற்குத் தகுதியுள்ள, ஒரு படி கனமான வகையான முக்கால் டன் பிக்கப். வெளிச்சந்தையில் இதைவிடக் கனமான ரிசீவர் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். வண்டியின் கையேடு அனுமதிக்காத எடையை ரிசீவர் அனுமதிக்க முடியாது.

கேட்டிவாசி எழுதியது:

டிரெய்லர் தயாரித்த நிறுவனத்திடம் கேட்டேன். முன்சட்டத்தில் வளைகம்பிப் பிடிகளை இறுக்குவதை அவர்கள் அனுமதிப்பதில்லை என்று மறுமொழி வந்துவிட்டது. நல்வாய்ப்பாக என் மச்சான் சுகர்லேண்டில் இருக்கிறார். அவரிடம் முக்கால் டன் பிக்கப் இருக்கிறது. மீன்பிடிக்க எப்படியும் அவரும் வருவார் என்பதால், பெட்ரோல் என் செலவு, வண்டி அவருடையது என்று உடன்பாடு ஆகிவிட்டது. அதன் ரிசீவர் தாளில் எடை தாங்கும் முறைக்கே 12,000 பவுண்டும் 1,200 பவுண்டும் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் துளை 2½ அங்குலம். உள்ளே ஒரு குழலைச் செருகி 2 அங்குல டிராபாரைப் பயன்படுத்தலாமா? துளையின் மேல்விளிம்பு 24 அங்குல உயரத்தில் இருக்கிறது. கப்ளர் வளைகுடாத் தூண்டில் அண்ணன் எடுத்துக்காட்டிய அதே 18 அங்குலம்.

வளைகுடாத் தூண்டில் எழுதியது:

குழல் தவறில்லை, 8,000 பவுண்டு முத்திரையுள்ள 2 அங்குல டிராபார் உங்கள் 6,860-க்குப் போதும். ஆயினும் உப்புநீரில் ரிசீவர், குழல், டிராபார் என்று மூன்று இரும்புகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் துருப்பிடிப்பதைவிட, 2½ அங்குல டிராபாரையே வாங்கிவிடுவது நல்லது. ஆட்டமும் சத்தமும் குறையும். 24-லிருந்து 18-ஐக் கழித்தால் 6 அங்குல இறக்கம் வேண்டும். இறக்கம் கூடக்கூடச் சில டிராபார்களின் திறன் குறையும் என்பதால், அட்டைப்பெட்டியில் உள்ள பெரிய எண்ணை விட்டுவிட்டு, 6 அங்குல இறக்கத்துக்கு உரிய எண்ணைப் படியுங்கள். படகை 5 அங்குலம் முன்னேற்றிய பிறகு மச்சானின் வண்டியோடு மறுபடியும் எடைமேடைக்குப் போய் வாருங்கள். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். டிரெய்லர் கழன்றுபோனால் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் அவசர பிரேக் கம்பியைச் சங்கிலியில் கொக்கிவிடாமல் வண்டியின் உடலில் மாட்டுங்கள். மச்சான் பெட்ரோல் கேட்பது நியாயம்தான், பனிக்கட்டியும் உங்கள் செலவிலேயே இருக்கட்டும்.